மூச்சு கொடுப்பது பற்றி நான் தவறாகச் சொல்லித்தந்த பாடம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள். 1984 முதல் 1990 வரை என்னிடம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் படித்தவர்கள் மட்டும் கண்டிப்பாகக் கடைசி வரை படிக்க வேண்டும். உங்களிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கூட்டம் ஒன்றில் முதலுதவிப் பயிற்சி வைத்திருந்தார்கள். ஒரு இளம் செவிலியர் வந்திருந்தார், என் பேத்தியாக இருக்கக்கூடிய வயது. இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ஒரு ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தினார். "யாருக்காவது முன் அனுபவம் உண்டா?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். சாரணர் வகுப்பில் பல வருஷம் இதைச் சொல்லிக் கொடுத்தவன் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "அப்ப நீங்களே செஞ்சு காட்டுங்க ஐயா" என்றார். நான் போய் முழங்காலிட்டு, முதல் வேலையாகப் பொம்மையைக் குப்புறப் புரட்டினேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "ஐயா, இதை எங்க பாடப் புத்தகத்துல 'பழைய முறைகள்'னு ஒரு பத்தியில் மட்டும் படிச்சிருக்கேன். செஞ்சு பார்க்கிறது இன்னைக்குத்தான்" என்று மரியாதையாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொல்லி, கிடைத்ததையெல்லாம் தேடி எடுத்துத் தரச் சொன்னேன். மூன்று வாரம் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வரலாறு எடுத்தவன், கதையாகத்தான் சொல்ல வரும்.

1732-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். ஸ்காட்லாந்தில் ஆலோவா என்ற ஊரில் ஒரு நிலக்கரிச் சுரங்கம். உள்ளே தீப்பிடித்துப் புகை மண்டிக் கிடந்தது. ஜேம்ஸ் பிளேர் என்ற தொழிலாளியை மேலே தூக்கி வந்தார்கள். மூச்சு இல்லை, நாடி இல்லை, உடம்பு சில்லிட்டு விட்டது. வில்லியம் டாசக் என்ற அறுவை மருத்துவர் அங்கே இருந்தார். அவர் தன் வாயை அந்த ஆளின் வாய்மேல் வைத்து முழு பலத்தோடு ஊதினார். ஊதிய காற்று முழுவதும் மூக்கு வழியே வெளியே வந்துவிட்டது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஊதினார். மார்பு உயர்ந்தது. உடனே இதயம் ஆறேழு முறை வேகமாகத் துடித்ததை உணர்ந்தார். சில மணி நேரத்தில் பிளேர் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். நான்கு நாளில் வேலைக்கும் திரும்பிவிட்டார்.

டாசக் இதை எழுதி வெளியிட்டது 1744-இல். அடுத்த ஆண்டே லண்டனில் ஜான் ஃபாதர்கில் என்ற மருத்துவர் இதை ராயல் சொசைட்டியில் எடுத்துப் பேசினார். துருத்தி வைத்து ஊதலாமே என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. துருத்தி எல்லா இடத்திலும் கையில் இருக்காது, வாய் இருக்கும். மனிதன் ஊதும் காற்றில் சூடும் ஈரமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மனிதனின் நுரையீரல் எவ்வளவு வேகத்தில் ஊதுமோ அதை இன்னொரு மனிதனின் நுரையீரல் தாங்கும். துருத்தியின் வேகத்துக்கு அந்த அளவு கிடையாது. எவ்வளவு எளிமையான தர்க்கம் பாருங்கள். அன்றைக்கே விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அதற்கு அப்புறம் இருநூறு வருஷம் உலகம் சுற்றி வளைத்துத் திரும்பவும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. எப்படி என்பதுதான் என் ஆதங்கம்.

முதல் காரணம் அருவருப்பு. இன்னொருவன் வாயில் வாய் வைப்பதா! வில்லியம் ஹண்டர் என்ற பெரிய பிரசவ மருத்துவர், மூச்சில்லாமல் பிறந்த குழந்தைக்கு வாயால் ஊதுவது பாமரர்கள் செய்கிற வேலை என்று எழுதி ஒதுக்கினார். பாமரர்கள் என்றால் மருத்துவச்சிகள்தானே. இந்த இடத்தைப் படித்ததும் எனக்கு நம் பெரிய அத்தை நினைவு வந்தது. உறவுக்காரர்களுக்குக் கதை தெரியும். அத்தை பிறந்தபோது அழவே இல்லையாம், உடம்பெல்லாம் நீலமாம். மருத்துவச்சி ஆயா குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்துத் தன் வாயால் மூடி ஊதினாளாம். அத்தை 81 வயது வரை இருந்து எங்கள் எல்லோரையும் அதட்டினார். அந்த ஆயாவுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. டிப்ளமா வாங்கிய நான், வீட்டுக் கதையை விட்டுவிட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது காரணம் இன்னும் வேடிக்கையானது. அறிவியல் வளர்ந்ததால் வந்த வினை அது. 1767-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில், கால்வாய்களில் விழுந்து மூழ்கியவர்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதைப் பார்த்து 1774-இல் லண்டனில் வில்லியம் ஹாஸ், தாமஸ் கோகன் என்ற இரு மருத்துவர்கள் ஒன்று தொடங்கினார்கள். பின்னாளில் ராயல் ஹியூமேன் சொசைட்டி என்று பெயர் பெற்றது அதுதான். நீரில் மூழ்கியவரைக் காப்பாற்ற முயன்றால் பரிசுப் பணம் உண்டு. பிழைத்துவிட்டால் கூடுதல் பணம். நல்ல காரியம். ஆனால் அதே ஆண்டுகளில்தான் பிரீஸ்ட்லியும் லவாய்சியரும் காற்றில் உயிர் தரும் பகுதி எது என்று கண்டுபிடித்துக் கொண்டிருந்தார்கள். ஆக்சிஜன்! நாம் வெளியே விடும் மூச்சில் அது குறைந்துபோயிருக்கிறது என்று தெரிந்ததும், 'பயன்படுத்திய காற்றைச் சாகக் கிடப்பவனுக்குக் கொடுப்பதா, அது கழிவல்லவா' என்று ஆகிவிட்டது. எவ்வளவு குறைந்தது, மிச்சம் போதுமா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. 1780-களில் வாய் போய்த் துருத்தி வந்தது. 1820-களின் கடைசியில் பிரான்ஸில் லெராய் என்பவர், துருத்தியால் வேகமாக ஊதினால் நுரையீரல் கிழிந்துபோகும் என்று விலங்குகளில் காட்டினார். ஃபாதர்கில் எண்பது வருஷத்துக்கு முன் பயந்தது அதற்குத்தான். துருத்தியும் போனது. ஆனால் வாய் திரும்பி வரவில்லை.

நடுவில் ஒன்றைச் சொல்லாமல் போனால் என் மாணவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் நீரில் மூழ்கியவருக்குச் செய்த முக்கிய வைத்தியம், ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையை ஏற்றுவது. விளையாட்டில்லை. அதற்கென்றே துருத்தியும் குழாயும் அடங்கிய பெட்டிகளை தேம்ஸ் நதிக்கரையில் வைத்திருந்தார்கள். 1811-இல் பிராடி என்பவர், புகையிலைச் சத்து விலங்குகளைக் கொல்கிறது என்று சோதனையில் காட்டிய பிறகுதான் மெல்ல மெல்ல நின்றது. தலைகீழாகத் தொங்கவிடுவது, பீப்பாய் மேல் போட்டு உருட்டுவது எல்லாம் அங்கேயும் உண்டு. நம் ஊரில் காலைப் பிடித்துச் சுற்றுவதைப் பார்த்து நாம் மட்டும்தான் விவரமில்லாதவர்கள் என்று நினைக்க வேண்டாம்.

பிறகு வந்தது கையால் அழுத்தும் காலம். 1856-இல் மார்ஷல் ஹால், மயங்கியவனை மல்லாக்கப் போட்டால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது என்று சரியாகக் கவனித்தார். அதனால் குப்புறப் போட்டு, பக்கவாட்டில் புரட்டிப் புரட்டி மூச்சு வரவைக்கலாம் என்றார். 1858-இல் சில்வெஸ்டர், இல்லை, மல்லாக்கப் போட்டுக் கையைத் தலைக்கு மேலே தூக்கி இறக்கு என்றார். 1903-இல் எடின்பரோவில் ஷேஃபர், மறுபடி குப்புறப் போட்டு முதுகின் கீழ்ப்புறம் அழுத்து என்றார். 1932-இல் டென்மார்க் ராணுவ அதிகாரி ஹோல்கர் நீல்சன், குப்புறப் போட்டு, தலைமாட்டில் முழங்காலிட்டு, தோள்பட்டை எலும்புகளை அழுத்து, பிறகு முழங்கைகளைப் பிடித்துத் தூக்கு என்றார்.

இப்போது உங்களில் சிலருக்கு நினைவு வந்திருக்கும்.

"ஒன்று, இரண்டு, மூன்று, அழுத்து! நான்கு, விடு! ஐந்து, ஆறு, ஏழு, தூக்கு! எட்டு, விடு!"

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் சனிக்கிழமை காலையில் நாம் கத்திய கத்தல். ஒருவன் குப்புறப் படுப்பான், ஒருவன் தலைமாட்டில் உட்காருவான், நான் விசில் வைத்துக்கொண்டு நடப்பேன். படுத்தவன் கூச்சத்தில் சிரித்தால் பிரம்பால் பாதத்தில் ஒரு தட்டு. அந்தப் பயிற்சியை நான் எடுத்தது பள்ளி நூலகத்தில் இருந்த ஒரு பழைய சாரணர் கையேட்டிலிருந்து. அட்டை போயிருந்தது. அச்சான வருஷத்தை நான் பார்க்கவே இல்லை. வரலாறு சொல்லித் தருபவன் பார்த்திருக்க வேண்டிய முதல் விஷயம் அது.

இனி 1950-கள். ஜேம்ஸ் ஈலம் என்ற அமெரிக்க மருத்துவர், போலியோ பரவிய 1946-இல், உடல் நீலம் பாரித்த ஒரு குழந்தையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்த செவிலியரை வழியிலேயே நிறுத்தி, யோசிக்காமல் குழந்தையின் மூக்கில் வாய் வைத்து ஊதினார். நாலைந்து மூச்சில் குழந்தையின் நிறம் திரும்பியது. பிறகு அவர் உட்கார்ந்து அளந்தார். வெளியிலுள்ள காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். நாம் விடும் மூச்சில் 16, 17 சதவீதம். அது தாராளமாகப் போதும் என்று 1954-இல் வெளியிட்டார். லவாய்சியர் காலத்திலிருந்து யாரும் போடாத கணக்கு அது!

1956-இல் ஒரு மாநாடு முடிந்து ஈலம் ஊர் திரும்பும்போது, பீட்டர் சஃபார் என்ற வியன்னாக்காரர் தன் காரில் ஏற்றிக்கொண்டார். மயக்க மருந்து நிபுணர், பால்டிமோரில் வேலை. வழியெல்லாம் இதே பேச்சு. ஊர் போய்ச் சேர்ந்ததும் சஃபார் செய்த சோதனையைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் தாங்களாக முன்வந்து படுத்தார்கள். அவர்களுக்கு மயக்கம் கொடுத்து, தசைகள் எல்லாம் செயலிழக்க மருந்து ஏற்றினார்கள். சொந்தமாக ஒரு மூச்சுகூட விட முடியாது. அந்த நிலையில் சாதாரண ஆட்கள், சாரணச் சிறுவர்கள் உட்பட, வந்து மூச்சு கொடுக்க வேண்டும். ஹோல்கர் நீல்சன் முறையையும் செய்து பார்த்தார்கள், வாயோடு வாய் வைத்தும் செய்து பார்த்தார்கள். முதுகை அழுத்தும் முறைகளில் பெரும்பாலும் போதுமான காற்று உள்ளே போகவே இல்லை. தொண்டை அடைத்துக் கிடந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, வாயால் ஊதினால் மார்பு ஏறி இறங்கியது. சிறுவர்கள் ஊதியும் ஏறியது.

அப்படியானால் அதற்கு முன் சோதித்தவர்கள் ஏன் ஏமாந்தார்கள்? 1950-ஐ ஒட்டி நடந்த பெரிய ஒப்பீட்டுச் சோதனைகளில், மயக்கத்தில் இருந்தவரின் மூச்சுக்குழலுக்குள் ஏற்கனவே ஒரு குழாயை இறக்கி வைத்திருந்தார்கள். வழி திறந்தே இருந்தது. கிணற்றங்கரையில் யார் தொண்டையில் குழாய் இருக்கும்? அந்த ஒரு குழாயால்தான் உலகம் முழுவதும் சாரணப் பிள்ளைகள் எட்டு வரை எண்ணிக்கொண்டிருந்தோம்.

சஃபாரின் முடிவுகள் 1958-இல் வெளிவந்தன. 1960-இல், அதே பால்டிமோரில், கூவன்ஹோவனும் கூட்டாளிகளும் மார்பின் நடுவில் அழுத்தி நின்றுபோன இதயத்துக்கு ரத்த ஓட்டம் கொடுக்கலாம் என்று காட்டினார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய சி.பி.ஆர்.

அந்த ரப்பர் பொம்மைக்கும் கதை உண்டு. நார்வேயில் ஆஸ்மண்ட் லேர்டால் என்ற பொம்மைக் கம்பெனிக்காரர். அவருடைய சின்ன மகன் ஒருமுறை நீரில் மூழ்கி மயிரிழையில் பிழைத்தான். மருத்துவர்கள் பயிற்சிக்கு ஒரு பொம்மை கேட்டபோது அவர் தயங்கவில்லை. 1960-இல் பொம்மை வந்தது. அதற்கு வைத்த முகம், பாரிஸில் செய்ன் நதியில் மிதந்து வந்த, பெயர் தெரியாத இளம்பெண்ணின் முகம் என்று கதை சொல்வார்கள். அவளுடைய முக அச்சு அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பல வீட்டுச் சுவர்களில் தொங்கியதாம். மூழ்கிச் செத்ததாகச் சொல்லப்படும் ஒரு பெண்ணின் உதட்டில் உலகமே மூச்சு கொடுக்கப் பழகுகிறது. அதன் முகத்தை நான் குப்புறத் தரையில் தேய்த்தேன், போங்கள்.

சஃபாரைப் பற்றி இன்னும் ஒன்று. 1966-இல் அவருடைய மகள் எலிசபெத்துக்கு ஆஸ்துமா முற்றியது. உலகத்துக்கே மூச்சு கொடுக்கக் கற்றுக்கொடுத்தவர் மகளைப் பிழைக்க வைக்க முடியவில்லை. மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்கு முன்பான அந்த நிமிடங்களில்தான் உயிர் போகிறது என்று அவருக்குத் தெரியும். அடுத்த ஆண்டு பிட்ஸ்பர்க் நகரத்தில், வேலையில்லாமல் இருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியபோது அதன் பயிற்சியை வகுத்தவர் அவர்தான். அதுவரை அந்த ஊரில் போலீஸ் வேனில்தான் நோயாளியை அள்ளிப் போட்டுக்கொண்டு போவார்களாம்.

இனி நான் சொல்ல வேண்டிய பாக்கி.

1988 மே மாதம், கோடை விடுமுறை. பம்ப்செட் கிணற்றில் குளிக்கப் போன நம் பிள்ளைகளில் ஒருவன், ஏழாம் வகுப்பு முடித்தவன், மேலே வரவில்லை. அவன் பெயரை இங்கே எழுதவில்லை. அவன் அக்கா இந்தப் பக்கத்தைப் படிப்பவர். தேடி மேலே கொண்டுவரக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. கூட இருந்த நான்கு பேர் பயந்து ஓடவில்லை. அவனைக் குப்புறக் கிடத்தி, கைகளை மடக்கிக் கன்னத்தின் கீழ் வைத்து, எண்ணி எண்ணி அழுத்தினார்கள். பெரியவர்கள் ஓடிவந்து அவனைக் காலைப் பிடித்துத் தூக்கும் வரை நிறுத்தவில்லை. நான் சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தேன். நால்வரில் ஒருவன் அழுதுகொண்டே, "சார், நீங்க சொன்ன மாதிரியேதான் சார் செஞ்சோம். ஒரு எண்ணிக்கைகூட விடல" என்றான். நான் அவன் முதுகைத் தட்டி, நீங்கள் சரியாகத்தான் செய்தீர்கள், அவன் விதி அவ்வளவுதான் என்றேன்.

எத்தனையோ வருஷம் அந்தப் பதிலோடு நிம்மதியாக இருந்துவிட்டேன். 1988 என்பது சஃபாரின் கட்டுரை வந்து 30 வருஷம் கழித்து. வாயால் ஊதியிருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் சொல்லவில்லை. தண்ணீருக்குள் எத்தனை நிமிடம் இருந்தான் என்று அன்றும் யாருக்கும் தெரியாது. ஆனால் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பிய சாவி, பூட்டு மாற்றி முப்பது வருஷமான வீட்டின் சாவி. அந்த நால்வரில் மூன்று பேர் இதைப் படிப்பீர்கள். இத்தனை நாளில் என்றாவது ராத்திரி 'நாம் எண்ணிக்கையைத் தப்பாக எண்ணிவிட்டோமோ' என்று நினைத்திருந்தால், அதை இன்றோடு விடுங்கள். நீங்கள் சரியாக எண்ணினீர்கள். பாடம்தான் தவறு. பாடம் என்னுடையது.

அந்தச் செவிலியர் சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு இருக்கிறது, ஆனால் திணறுகிறது என்றால் படுக்க வைக்கக் கூடாது. உட்கார வைத்து, கொஞ்சம் முன்னால் சாயவிட்டு, கழுத்துச் சட்டையைத் தளர்த்தி, ஆஸ்துமாக்காரராக இருந்தால் அவருடைய இன்ஹேலரை எடுத்துக் கொடுத்து, 108-ஐ அழையுங்கள். சுற்றிக் கூட்டம் நிற்க விடாதீர்கள். பெரியவர்களுக்கோ ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கோ தொண்டையில் ஏதாவது அடைத்துப் பேச முடியாமல் தவித்தால், தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு, பின்னால் நின்று கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்ளேயும் மேல்நோக்கியும் ஐந்து அழுத்தம், மாற்றி மாற்றி. கைக்குழந்தைக்கும் நிறைமாதப் பெண்ணுக்கும் வயிற்றை அழுத்தக் கூடாது, மார்பில்தான். தண்ணீரில் மூழ்கியவரை எடுத்ததும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதில் நேரம் போக்காதீர்கள், சுற்றாதீர்கள். மூச்சில்லை என்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு மல்லாக்கப் போடுங்கள். தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, முதலில் மூச்சு கொடுத்து, பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆள் வரும் வரை நிறுத்தாமல். நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். பெரியவருக்கு மார்பு 5 செ.மீ. இறங்க வேண்டும். திடீரென மாரடைத்து விழுந்த பெரியவருக்கு வாய் வைக்கத் தயக்கமாக இருந்தால் அழுத்தத்தை மட்டுமாவது செய்யுங்கள். மூழ்கியவருக்கு மூச்சுதான் முக்கியம்.

ஆனால் படித்தால் வராது, இதைக் கையால் செய்து பழக வேண்டும். அந்தச் செவிலியரிடம் பேசியிருக்கிறேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை 10 மணிக்கு நம் பள்ளி வேப்பமரத்தடிக்குப் பொம்மையோடு வருகிறேன் என்றிருக்கிறார். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். வெளியூரில் இருப்பவர்கள் உங்கள் ஊரிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அவனுடைய அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். முதல் வரிசையில் நானும் படிக்க உட்காருவேன்.